செலினஸ் நாணயத்துச் சேவல்

கிரேக்க நாணயங்கள் பற்றி வாசிக்கத் தொடங்கிய நாட்களில் நானும் நம்பிய கதையொன்று உண்டு. சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையிலிருந்த செலினஸ் நகரத்தில் ஆற்றுநீர் தேங்கி நாறிக் கொள்ளைநோய் பரவுகிறது. பிள்ளைப்பேற்றில் பெண்கள் மடிகிறார்கள். அக்கிராகஸ் நகரத்துத் தத்துவவாதி எம்பெடோக்கிளிஸ், தன் சொந்தச் செலவில், அயலிலிருந்த இரண்டு ஆறுகளை அதனோடு கலக்கச் செய்கிறார். நோய் நீங்குகிறது. மக்கள் அவரைக் கடவுளாகவே வணங்குகிறார்கள்.

இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரம் வெளியிட்ட நான்கு திராக்மா வெள்ளி நாணயம். ஒரு பக்கத்தில் தேரில் ஆர்ட்டெமிஸும், வில்லை வளைத்தபடி அப்பலோவும். மறுபக்கத்தில் இளைஞன் வடிவில் செலினஸ் ஆறு, ஒரு கையில் இலைக்கொத்தோடு, கிண்ணத்திலிருந்து பலிபீடத்தின்மேல் வார்க்கிறது. பீடத்தருகே ஒரு சேவல். இரண்டு திராக்மா நாணயத்திலோ ஹிப்சஸ் என்ற மற்ற ஆறு. பீடத்தைச் சுற்றி ஒரு பாம்பு. பின்னால் விலகி நடக்கும் நீர்ப்பறவை. சதுப்பு வற்றிவிட்டதாம், அதனால் பறவை புறப்பட்டுவிட்டதாம்! 1887இல் வெளிவந்த பார்க்லே ஹெட்டின் பெருநூல் இப்படித்தான் வாசித்தது.

இன்று எனக்கு இதில் உடன்பாடில்லை. எம்பெடோக்கிளிஸின் பெயர் நாணயத்தில் இல்லை. கதையைச் சொல்லும் டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்காரர், இடைவெளி ஏறத்தாழ 700 வருடங்கள். சேவல் மருத்துவக் கடவுள் அஸ்கிளேப்பியஸுக்கு உரியது என்பது சரி. ஆனால் அவ்வழிபாடு ஏதென்ஸுக்கே கி.மு. 420 அளவில்தான் போய்ச்சேர்ந்தது. தவிரவும், அதே தீவின் ஹிமேரா நகரம் தன் நாணயங்களில் பொறித்ததும் சேவல்தான்.

நோயும் அதன் நீக்கமும் அந்த நாணயத்தில் இல்லவே இல்லையென்று நான் வாதிட வரவில்லை. இலியட்டில் கிரேக்கப் பாசறைக்குக் கொள்ளைநோயைக் கொண்டுவருவது இதே அப்பலோவின் அம்புகள். தருபவனே தீர்ப்பவனும் என்பது, அம்மனையும் அம்மையையும் அறிந்த நமக்கு விளங்காததல்ல. ஆனால் செலினஸ் நன்றி சொன்னது யாருக்கு? நாணயத்தைக் கேட்டால், ஆற்றுக்கு. ஆற்றின் பெயரையே பொறித்தும் வைத்தார்கள். வாய்க்கால் வெட்டிய கைகள் யாருடையவை என்பதைக் கதையும் சொல்லவில்லை, நாணயமும் சொல்லவில்லை. ஒரு நகரத்தின் மீட்சியைத் தனியொருவர் கணக்கில் வரவு வைக்கும் அவசரம் வாழ்க்கை வரலாறு எழுதியவர்களுடையது, நாணயம் அடித்தவர்களுடையதல்ல.

கி.மு. 409இல் கார்த்தேஜின் படைகள் செலினஸை அழித்தன. தப்பிய 2,600 பேர் அக்கிராகஸுக்கு, எம்பெடோக்கிளிஸின் ஊருக்கு, ஓடிச் சேர்ந்தார்கள் என்று டியோடோரஸ் எழுதுகிறார். அவ்வூரார் பொதுச்செலவில் தானியம் பகிர்ந்தார்கள். அவர்களை வீடுகளில் வைத்துப் பராமரித்தார்கள். மூன்று வருடங்களில் அக்கிராகஸும் கார்த்தேஜிடம் வீழ்ந்தது.