ஹரிதாஸ் கண்ட மூன்று தீபாவளிகள்

தீபாவளியன்று எண்ணெய் நீராடி, புத்தாடை உடுத்து, பலகாரம் உண்டபின் குடும்பத்தோடு படக்கொட்டகைக்குச் செல்வது தமிழருக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இவ்வழக்கத்தின் சரித்திரத்தில் 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குத் தனியிடம் உண்டு. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ அன்றுதான் வெளிவந்தது. யுத்தகாலப் பிலிம் பஞ்சத்தால், எப்படமும் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்பது சர்க்கார் கட்டளை. பெற்றோரை உதாசீனம் செய்து, தாசி மோகத்தில் வீழ்ந்து, கால்களை இழந்தபின் அன்னை தந்தையரே தெய்வமென உணர்ந்தவனின் கதை அவ்வளவுக்குள் அடங்கிற்று. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுதற்கேற்ற கதைதான், டி. ஆர். ராஜகுமாரியைக் காணவும் பலர் சென்றனர் என்பதை மறைப்பானேன்? வாலிபர்கள் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்ட காலம் அது.

சில வாரங்களுக்குள் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. சென்னை பிராட்வே கொட்டகையிலோ படம் ஓடிக்கொண்டேயிருந்தது. 1945, 1946 தீபாவளிகளையும் கண்டது. நாயகர் சிறையில், அவர் குரல் தினந்தோறும் திரையில்!

லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு சென்னை ஹைகோர்ட்டில் மறுபடி விசாரிக்கப்பட்டு, 1947-இல் அவர் விடுதலையானார். இனிக் கூட்டம் இரட்டிக்கும் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1948-இல் வந்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. பின்வந்தவையும் பழைய வெற்றியைப் பெறவில்லை. ரசிகர்களை நன்றி கெட்டவர் எனப் பழிப்பதற்கில்லை. அவர்கள் போற்றியது, தம் வீட்டுப் பண்டிகையோடு கலந்துவிட்ட ஒரு குரலை. அம்மனிதரை அன்று என்பதே என் துணிபு. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தது. பாட்டுக்காகச் சென்ற குடும்பங்கள் வசனத்துக்காகச் செல்லலாயின. பாகவதர் 1959 நவம்பர் 1-ஆம் தேதி, தீபாவளியை ஒட்டியே, காலமானார்.