கூலி உயர்ந்தால் வேலை போகுமா?



கூலியைக் கூட்டினால் ஆளைக் குறைக்க நேரிடும் என்ற பேச்சை நம் பெற்றோர் காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம். பொருளியல் நூல்களும் நெடுங்காலம் அதையே சொல்லி வந்தன. அது மெய்தானா என்று கடை கடையாகக் கேட்டுப் பார்க்க, டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்னும் இரு பேராசிரியர்கள் 1992இல் புறப்பட்டார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பழைய சம்பளமே நீடித்தது. இருவரும் நியூ ஜெர்சியில் 331, கிழக்குப் பென்சில்வேனியாவில் 79, ஆக 410 துரித உணவுக் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். உயர்வுக்கு முன் ஒரு முறை, ஆண்டுக் கடைசியில் ஒரு முறை, ‘எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?’ என்று விசாரித்தார்கள். பகுதிநேர ஆளை அரை ஆளாகக் கணக்கிட்டார்கள். இடையில் ஆறு கடைகள் அடியோடு மூடப்பட்டிருந்தன. அவற்றை விட்டுவிடாமல், ஆள் எண்ணிக்கை சுழி என்று எழுதிக்கொண்டார்கள். இந்த நேர்மை இல்லாவிட்டால் கணக்கே பொய்யாகியிருக்கும்.

பக்கத்து மாநிலம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு தோட்டத்தில் புதிய முறையில் பால் வெட்டுகிறார்கள், பால் குறைகிறது. குற்றம் புதிய முறையினுடையதா, இலையுதிர் காலத்தினுடையதா? பழைய முறையிலேயே வெட்டும் அடுத்த தோட்டத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். அதே யுக்திதான் இது.

நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.44 ஆட்கள் 21.03 ஆனார்கள். பென்சில்வேனியாவிலோ 23.33 பேர் 21.17 ஆகக் குறைந்தார்கள். ஒரு மாற்றத்திலிருந்து மற்றதைக் கழித்தால், சம்பளம் உயர்ந்த பக்கம் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆள் கூடுதல்! ஆனால் அவசரப்படக் கூடாது. தற்செயலால் வரக்கூடிய தடுமாற்றம் அந்த இரண்டே முக்காலில் சுமார் பாதி அளவு. ஆகவே ‘வேலை பெருகியது’ என்று அடித்துச் சொல்வதைவிட, ‘குறைந்ததாகத் தெரியவில்லை’ என்பதே பொருத்தம்.

கழித்தலைக் காகிதத்திலேயே போடலாம். தடுமாற்றத்தை அளக்கத்தான் கணினி வேண்டும். 1985இல் வெளிவந்த ஸ்டாட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளில், இந்த 410 கடைகளின் விவரத்தை இட்டு மாணவர்கள் இன்றும் பழகுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆய்வு 1994இல் வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் கடைகளின் சம்பளப் பட்டியல்களைத் திரட்டி, வேலை குறைந்தது என்று வாதிட்டார்கள். கார்டும் குரூகரும் அரசாங்கப் பதிவேடுகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டு, பெரிய இழப்பு ஏதும் இல்லை என்று 2000இல் பதில் எழுதினார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. குரூகர் 2019இல் காலமானார். 2021இல் பொருளியல் நோபல் பரிசில் பாதி கார்டுக்குக் கிடைத்தது.