குதிக்கால் பற்றி ஒரு குறிப்பு

லண்டனில் வசிக்கும் என் மருமகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு விசித்திரமான சங்கடத்தைச் சொன்னான். அங்கே மண்டபங்களுக்குள் எழுப்பப்பட்டிருக்கும் செயற்கைப் பாறைச் சுவர்களில் ஏறும் விளையாட்டை அவன் பழகி வருகிறான். "மாமா, சப்பாத்து முன்பக்கம் இறுக்கமா இருக்கு. ஒரு சைஸ் கூட்டி எடுத்தா குதி கழருது" என்றான். குன்றொன்றும் இல்லாத கல்முனை மணலில் பிறந்தவனுக்குப் பாறை ஏறும் சப்பாத்தா என்று நான் சிரித்துவிட்டேன். சிரித்தது பிழை என்பது பின்னரே புலப்பட்டது.

எமது கரையோரத்தில் ஏறுதல் என்றால் அது தென்னை ஏறுதல்தான். அதற்கென்று ஒரு காலணி எம்மிடமும் இருந்தது. தளைநார் என்பது அதன் பெயர். நாரையோ கயிற்றையோ வளையமாக்கி, இரு பாதங்களையும் அதற்குள் நுழைத்து, உள்ளங்கால்களால் மரத்தைக் கவ்வுவார்கள். உடலின் பாரம் பாதங்களை மரத்தின் இருபுறமும் விலக்க முயலும்; வளையம் விலக விடாது. அவ்வாறு தடுக்கப்பட்ட பாரமே உள்ளங்காலை மரத்தோடு அழுத்தும் விசையாகிறது. பாரம் கூடக் கூடப் பிடியும் கூடும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காத மனிதர்கள் கண்டறிந்தார்கள். மழை நாளில் அதே மரம் வழுக்கியதையும், விழுந்தவர் முதுகெலும்பு முறிந்து எஞ்சிய காலத்தைப் பாயில் கழித்ததையும் சிறுவயதில் கண்டிருக்கிறேன். ஆகவே தளைநாரை வெறும் பழம்பெருமையாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

மலையேற்றத்துக்கு எம்மவர் நினைவில் இருப்பது பாவா ஆதம் மலை. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா அங்கு ஏறினார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பினான். பாறையில் பொருத்தப்பட்ட பத்துச் சங்கிலிகளை அவர் குறிப்பிடுகிறார். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அவ்விடத்தில் கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவானாம். வழியில் அட்டைக் கடிக்கு எலுமிச்சைச் சாறு பிழிவது வரை எழுதியவர், ஆனால் அந்த ஏற்றத்தில் உயிரைத் தாங்கியது கையும் இரும்பும்தான்.

பாரத்தைக் கையிலிருந்து காலுக்கு மாற்றிய சப்பாத்து பிந்தி வந்தது. (சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. அவர்கள் விரட்டிய முஸ்லிம்களைத்தான் 1626இல் கண்டி மன்னன் செனரத் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான் என்பர். ஆட்களைத் துரத்தியவர்களின் சொல் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.) ஐரோப்பிய மலையேறிகள் நெடுங்காலம் ஆணி அடித்த தடித்த சப்பாத்துகளையே அணிந்தனர். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு தோழர்களை இழந்த வித்தாலே பிரமானி, 1937இல் இறப்பர் அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார்; விப்ரம் என்ற பெயர் அவருடைய பெயரின் சுருக்கமே. அதே காலத்தில் பாரிஸுக்கு அருகே ஃபொந்தேன்புளோ பாறைகளில் பயின்ற பியேர் அலென், வழுவழுப்பான மெல்லிய இறப்பர் அடியுடன் பாறைக்கென்றே ஒரு சப்பாத்தை அமைத்தார். 1980களின் தொடக்கத்தில் ஸ்பானிய நிறுவனமான போரியல் ஒட்டும் தன்மை மிக்க இறப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஏறுவோரின் உலகமே மாறியது.

இவை யாவும் உள்ளங்காலின் கதை. குதிக்காலின் முக்கியத்துவம் அதற்குப் பிறகே உணரப்பட்டது. இன்றைய சப்பாத்தில் குதியைச் சுற்றி இழுத்துக் கட்டிய இறப்பர்ப் பட்டை ஒன்று உண்டு. அது கவண்வார் போலப் பாதத்தை முன்னோக்கித் தள்ளி, பெருவிரலை நுனியில் நிறுத்துகிறது. குதி நிறையாவிட்டால் அந்தத் தள்ளல் வீணாகும். அதைவிட, தலைக்கு மேலே உள்ள விளிம்பில் குதியைக் கொளுவி உடலை இழுக்கும்போது, உள்ளே காற்று நிறைந்த வெற்றிடம் இருந்தால் சப்பாத்து விளிம்பிலேயே நிற்கும், கால் மட்டும் உருவிக்கொண்டு வரும்.

மருமகனின் சங்கடத்துக்கு விடை வேறோர் இடத்தில் கிடைத்தது. தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் நடந்து வளர்ந்தவர்களின் பாதங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஒரு ஆய்வு, அவை மேற்கத்தியப் பாதங்களைவிட ஒப்பளவில் அகன்றவை என்று காட்டியது. வாப்பாவின் கடைக்கும் ஓதப் பள்ளிக்கும் வெறுங்காலோடு ஓடித் திரிந்தவன் இவன். ஐரோப்பிய அச்சில் செய்த சப்பாத்து விரல்களை நெரிக்க, ஒரு அளவு கூட்டுகிறான். விரலுக்கு இடம் கிடைக்கிறது, குதிக்கு வேண்டாத இடமும் சேர்ந்து கிடைக்கிறது. அளவைக் கூட்டுவது மருந்தல்ல, அச்சை மாற்றுவதே மருந்து.

ஆகவே அவனுக்குச் சொன்னேன்: கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் கடைக்குப் போ. முன்பக்கம் அகன்று குதி ஒடுங்கிய வகையைக் கேள். கயிறு கட்டும் சப்பாத்தானால் விரலருகே தளர்த்தி நடுவில் இறுக்கலாம், கயிறில்லாததில் அது முடியாது. அணிந்ததும் குதிப்பக்கத்தை விரலால் அமுக்கிப் பார், உள்ளே அமிழ்ந்தால் கழற்றி வை. கடையில் ஒரு விளிம்பு இருந்தால் குதியைக் கொளுவி, காலை இரு பக்கமும் முறுக்கிப் பார். குதிநரம்பை விளிம்பு வெட்டினாலும் வேண்டாம். அந்த நோவு பழகப் போகாது. விரல் இறுக்கத்தைத் தோல் கொஞ்சம் தளர்ந்து பொறுத்துக்கொள்ளும், குதியின் வெற்றிடத்தையோ எந்தப் பழக்கமும் நிரப்பாது.

ஐந்தாவது சோடி பொருந்தியது என்று மறுவாரம் அறிவித்தான். குரலில் பெருநாள் உடுப்பு வாங்கிய மகிழ்ச்சி. விலையையும் சொன்னான். அதை எங்கள் ரூபாயாக்கி, ஊரில் ஒரு தென்னைக்கு ஏறுகூலி கொடுக்கும் கணக்கில் எத்தனை மரம் என்று மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். விடையை அவனிடம் சொல்லவில்லை.