பாவ்லோஸ் குந்துரியோத்திஸ்

பாவ்லோஸ் குந்துரியோத்திஸ் (1855–1935) உதுமானியருக்கு எதிரான முதல் பால்கன் போரில் ஏஜியன் கடலைக் கிரேக்கத்தின் வசமாக்கிய கடற்படைத் தளபதி. பின்னாளில் இருமுறை அரசப் பிரதிநிதியாகவும், இரண்டாம் கிரேக்கக் குடியரசின் முதல் தலைவராகவும் பதவி வகித்தார்.

இளமையும் பணியும்

ஹைட்ரா தீவின் பெயர்பெற்ற கப்பல் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் கெயோர்கியோஸ் கிரேக்க விடுதலைப் போர்க்காலத்தில் இடைக்கால அரசுக்குத் தலைமை தாங்கியவர். 1875இல் கடற்படையில் சேர்ந்த பாவ்லோஸ் 1897ஆம் ஆண்டுத் துருக்கிப் போரில் பங்கேற்றார். 1908இல் மன்னர் முதலாம் ஜார்ஜின் படைத்துறை உதவியாளரானார். 1911இல், இங்கிலாந்து சென்றிருந்த ‘அவெரோஃப்’ கவசக் கப்பலின் மாலுமிகள் கட்டுப்பாட்டை மீறியபோது, அதன் தலைமையை ஏற்று ஒழுங்கை மீட்டார்.

பால்கன் போர்

1912 அக்டோபரில் ஏஜியன் கடற்படைப் பிரிவின் தளபதியாக லெம்னோஸ் தீவைக் கைப்பற்றி, அங்குள்ள முத்ரோஸ் விரிகுடாவைத் தளமாக்கிக்கொண்டார். தார்தனெல்ஸ் நீரிணையின் வாயிலைக் கண்காணிக்க அது ஏற்ற இடம். டிசம்பர் 16 அன்று எல்லி முனைக்கு அருகே உதுமானியக் கப்பல்கள் வெளிப்பட்டன. உடன்வந்த மூன்று பழைய போர்க்கப்பல்களின் வேகம் போதாது என்று கண்ட அவர், அவற்றைப் பின்னே விட்டு ‘அவெரோஃபை’ மட்டும் ஏறத்தாழ 20 நாட் வேகத்தில் செலுத்தி எதிரி வரிசையின் முன்பக்கத்தைக் குறுக்கே மறித்தார். உதுமானியர் நீரிணைக்குள் பின்வாங்கினர். 1913 ஜனவரி 18இல் லெம்னோஸ் அருகே மீண்டும் தோற்றனர். அனடோலியாவிலிருந்து பால்கன் களத்துக்கு ஏஜியன் வழியே படை அனுப்ப அவர்களால் இயலவில்லை. லெஸ்போஸ், கியோஸ் உள்ளிட்ட தீவுகள் கிரேக்கர் கைக்கு வந்தன.

அரசியல்

முதல் உலகப்போரில் நேச நாடுகளுடன் சேர்வதா, நடுநிலை வகிப்பதா என்று மன்னர் கான்ஸ்டன்டைனுக்கும் பிரதமராக இருந்த வெனிசெலோசுக்கும் இடையே பிளவு முற்றியது. 1916இல் குந்துரியோத்திஸ் வெனிசெலோசின் பக்கம் நின்றார். இருவரும் ஜெனரல் தங்லிசும் சேர்ந்து தெசலோனிக்கியில் தனி அரசு நடத்தினர். கடல் வெற்றியாலும் அரண்மனைப் பணியாலும் வந்த நன்மதிப்பு அவ்வரசுக்கு வலுச் சேர்த்தது. 1917இல் கடற்படை அமைச்சரானார். கான்ஸ்டன்டைனுக்கு அடுத்து அரியணையேறிய மன்னர் அலெக்சாண்டர் 1920இல் இறந்ததும் சில வாரங்கள் அரசப் பிரதிநிதியாக இருந்தார். 1923 டிசம்பரில் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் நாட்டைவிட்டு வெளியேறியபின் அப்பொறுப்பு மீண்டும் அவரிடம் வந்தது.

1924இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டதும் குடியரசுத் தலைவரானார். ஜெனரல் பங்காலோஸின் சர்வாதிகாரத்தின்போது 1926 மார்ச்சில் விலகினார். ஆகஸ்டில் அவ்வாட்சி கவிழ்ந்ததும் திரும்பினார். 1927இல் கொலை முயற்சியில் உயிர்தப்பினார். 1929இல் மீண்டும் தேர்வாகி, அவ்வாண்டு டிசம்பரிலேயே உடல்நலக் குறைவால் பதவி துறந்தார்.

1935 ஆகஸ்டு 22இல் காலமான அவர் ஹைட்ராவில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் கிரேக்கத்தில் முடியாட்சி திரும்பியது.