ஓரணாச் சிற்றுண்டியும் பள்ளி ஆலோசகரும்: கல்விச் செலவின் வரையறை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

கல்வி நிதி சுருங்கும்போது பள்ளியிலிருந்து முதலில் நீக்கப்படுவது எது? இவ்வினாவிற்குச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் வரலாறு தெளிவான விடை தருகிறது. சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி மன்றம் 1920 செப்டம்பர் 16 அன்று, ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்க்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் இதில் சேர்க்கப்பட்டன. அப்பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது.

ஆயினும் இச்செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து செய்யலாகாது என்னும் அரசாணையால் 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றது. மாகாணத்திலும் அப்போது நீதிக்கட்சி அமைச்சரவையே இருந்தது என்பது நோக்கத்தக்கது. கல்வி அமைச்சரிடமும் நிதி ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமும் பிரிந்து கிடந்த இரட்டையாட்சிக் காலம் அது. உணவு நின்றதும் மாணவர் வருகை வெகுவாகக் குறைந்தது. அக்குறைவையே காரணமாகக் காட்டி மாநகராட்சி மீண்டும் அனுமதி கோரியது. 1927இல் 25 பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழை மாணவர்க்கு உணவு மீண்டும் வந்தது.

1925இல் எழுந்த சிக்கல், உணவு கல்விச் செலவா அன்றா என்பதே. இன்று அதே ஐயம் உளவியல் ஆலோசகரைச் சூழ்ந்துள்ளது. 1982இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டம் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பள்ளிதோறும் பணியிடங்களை உருவாக்கியது. அதன்பின் அதனை எளிதில் நிறுத்த எவராலும் இயலவில்லை. ஆலோசகருக்கு அத்தகைய பணியிடம் வாய்க்கவில்லை. 2010களில் தமிழகம் தொடங்கிய நடமாடும் ஆலோசனை மையங்கள் பத்து. அன்றைய மாவட்டங்கள் 32. உதவித் தொலைபேசி இக்குறையை ஈடுசெய்யும் என்பாரும் உளர். தன் துயரைத் தானே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே அது பயன்படும்.

2024-25இல் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் பங்காகிய ரூ.2,152 கோடியைத் தமிழகத்திற்கு விடுவிக்காதபோது, மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அதே நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என நெறிப்படுத்தியது. நூறுக்குக் குறைந்த பள்ளிகள் வெளி வல்லுநரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டால் போதும். இவ்வரம்பே சிற்றூர்களுக்குப் பாதகமானது. இராசபாளையம் வட்டத்தின் தேவதானம் போன்ற மலையடிவார ஊர்களைச் சுற்றியுள்ள சிறு தொடக்கப் பள்ளிகளுக்கு அவ்வல்லுநர் வெகுதொலைவிலுள்ள நகரத்தவராகவே இருப்பர்.

கோயிலுக்கென விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் தேவதானம் என்னும். அத்தகைய அறக்கொடைகளைக் காக்கும் ஓம்படைக் கிளவிகளும் கல்வெட்டுகளில் பயில்கின்றன. (இவ்வூர்ப் பெயரின் வரலாறு தனி ஆய்விற்குரியது.) ஆலோசகர் ஊதியத்திற்கும் வேறு செலவிற்குத் திருப்ப இயலாத தனி நிதித்தலைப்பு மாநில வரவு செலவுத் திட்டத்தில் வேண்டும், நூறு மாணவர் என்னும் வரம்பைப் பள்ளிக்கு மட்டுமன்றி, அண்மைப் பள்ளிகளின் தொகுதிக்கும் பொருத்திக் கணக்கிடல் வேண்டும். சிறு பள்ளிகள் நான்கைந்து கூடி ஓர் ஆலோசகரைப் பெற அதுவே வழி.