ஒரே தடத்தில் இரண்டு கோப்பைகள்

ஆம்பூரில் ரயிலேறினால் ஒரு பக்கம் சென்னை. மறுபக்கம் ஜோலார்பேட்டையில் பாதை பிரிந்து பெங்களூருக்கும் கோவைக்கும் போகும். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு இரண்டு பெரிய கோப்பைகள், 2018 மார்ச்சிலும் 2019 மார்ச்சிலும், இந்தத் தடத்தின் முனைகளில்தான் கைக்கு வந்தன.

முதலாவது சென்னையின் எஃப்சி வென்ற இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.). லீக் சுற்றில் பெங்களூருக்கு 40 புள்ளி, சென்னையினுக்கு 32. பிறகு வந்தது பிளே-ஆஃப். அரையிறுதியில் கோவாவை 3-0 என விரட்டியதில் ஜேஜே இரண்டு கோல், வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷ் ஒன்று. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே இறுதிப் போட்டி. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டும் அசரவில்லை. மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டும் ரஃபேல் அகஸ்டோவின் ஒன்றுமாக 3-2. எட்டுப் புள்ளி பின்தங்கிய அணி சாம்பியன்!

சென்னை சிட்டி எஃப்சியின் 2018-19 ஐ-லீக் வேறு வகை. அங்கே இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது. 20 ஆட்டமும் கணக்கு. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியம். சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி, கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம்மூர்ப் பையன்கள். கடைசி நாளில் மினர்வா பஞ்சாப் முந்திக்கொள்ள, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வேறு பட்டத்துக்குக் காத்திருந்தது. மான்சியின் பெனால்டியும், தடுப்பாட்டக்காரர் கௌரவ் போராவின் இரண்டு கோலும் காப்பாற்றின. சென்னை சிட்டிக்கு 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42, வித்தியாசம் ஒரே புள்ளி.

இரண்டில் எது பெரிது என்றால், என் ஓட்டு கோவைக் கோப்பைக்குத்தான். நாக்-அவுட்டில் ஒரு நல்ல இரவு போதும். 2024-25 சாம்பியன்ஸ் லீக்கில் லீக் கட்டத்தில் 15-ஆவதாக வந்த பி.எஸ்.ஜி., இறுதியில் இன்டரை 5-0 என நொறுக்கியதை நடுராத்திரி விழித்திருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் பரபரப்பை நானும் ரசிப்பவன்தான். ஆனால் ஐந்து மாதம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த புள்ளி தற்செயலாக வராது. சென்னை சிட்டி பட்டம் வென்ற அதே பருவத்தில் சென்னையின் எஃப்சி ஐ.எஸ்.எல்.லில் 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி இடம் பிடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் (ஏ.எஃப்.சி.) அப்போது அப்படித்தான் எடை போட்டது: ஐ.எஸ்.எல். சாம்பியனுக்கு ஏ.எஃப்.சி. கோப்பை, ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று. அதில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் 0-1 எனத் தோற்றது சென்னை சிட்டி. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல்கூட அதற்குமுன் அந்த அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது.

ஆனால் உள்ளூரில் பணமும் டிவியும் ஐ.எஸ்.எல். பக்கமே நின்றன. எட்வினும் அடுத்த பருவத்தில் சென்னையினுக்குப் போய்விட்டார். ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் தரும் விதி 2022-23இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.