கேள்வி கேட்ட இருவர்: ‘குட்டி இளவரச’னும் ‘ஆயிஷா’வும்

பள்ளி நூலக அலமாரியில் அடுத்தடுத்து வைக்கத் தகுந்த மெல்லிய புத்தகங்கள் இரண்டு. ஒன்று, பிரெஞ்சு விமானி அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’. 1943இல் நியூயார்க்கில் வெளிவந்த இதை வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குத் தந்தார்கள். மற்றொன்று, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. 1990களில் கணையாழியின் குறுநாவல் போட்டியில் பரிசு பெற்று, பிறகு தனி நூலாகித் தமிழ்நாட்டு ஆசிரியர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்ட கதை அது.

இரண்டையும் ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துப் பிரிக்கிறது. அப்படி மொழியின் எளிமையை மட்டும் பார்த்தால் இவ்விரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு மாணவிக்கு எதை முதலில் கொடுப்பது என்று கேட்டால், மொழியைத் தாண்டியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒற்றுமைகளை முதலில் பார்ப்போம். இரண்டு கதைகளின் மையத்திலும் கேள்வி கேட்கும் ஒரு குழந்தை. சகாரா பாலைவனத்தில் விமானியின் முன்னால் வந்து நிற்கும் இளவரசன், கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்வரை விடுவதில்லை. காந்தத்தைப் பற்றிய பாடத்தில் எழுந்து நின்று கேட்கும் ஆயிஷாவும் அப்படித்தான். இருவரையும் அருகிலிருந்து பார்த்த ஒரு பெரியவர், இழப்புக்குப் பிறகு அவர்களை நினைத்து எழுதுவதாகவே இரண்டு கதைகளும் அமைந்திருக்கின்றன. ஒருவர் விமானி, மற்றவர் அறிவியல் ஆசிரியை.

கதைக்குள் நுழையும் வாசலிலும் ஓர் ஒப்புமை உண்டு. ‘குட்டி இளவரசன்’ லெயோன் வெர்த் என்ற நண்பருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. ஒரு பெரியவருக்குச் சமர்ப்பித்ததற்காக ஆசிரியர் அங்கேயே குழந்தைகளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார். ‘ஆயிஷா’வோ, ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதிய முன்னுரை என்ற வடிவத்திலேயே முழுக் கதையையும் சொல்கிறது. முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகும் பழக்கமுள்ள மாணவர்களுக்கு இந்த உத்தியே ஒரு பாடம்.

வேறுபாடு, பெரியவர்களைக் காட்டும் விதத்தில் தொடங்குகிறது. செந்த்-எக்சுபெரி தன் பெரியவர்களை ஆளுக்கொரு கோளில் குடிவைக்கிறார். ஆள யாருமில்லாத அரசன், கைதட்டலுக்கு ஏங்கும் தற்பெருமைக்காரன், விண்மீன்களை எண்ணி எண்ணித் தனதாக்கிக்கொள்ளும் வியாபாரி என்று வரிசையாக வருகிறார்கள். தொலைவில் இருப்பதால் அவர்களைப் பார்த்துக் குழந்தை தைரியமாகச் சிரிக்கிறது. அவரே வரைந்த வண்ணப் படங்கள் அந்தச் சிரிப்புக்குத் துணை.

‘ஆயிஷா’வில் அந்தத் தொலைவு கிடையாது. பெரியவர்கள் அடுத்த வகுப்பறையில் இருக்கிறார்கள். கையில் பிரம்பு இருக்கிறது. கேள்வி கேட்பது அங்கே அடங்காமையாகிறது, அடி அதற்கான பதிலாகிறது. படிக்கும் மாணவி தன் பள்ளியின் முகங்களைக் கதைக்குள் தேடத் தொடங்குவாள். சிரிக்க இடமில்லை, கோபப்பட நிறைய இடமுண்டு.

முடிவுகளை ஒப்பிட்டால் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. இளவரசன் தன் கோளுக்குத் திரும்பப் பாம்பின் உதவியை நாடுகிறான். விடிந்த பிறகு அவன் உடலை விமானியால் காண முடிவதில்லை. இறந்தானா, வீடு சேர்ந்தானா என்பதைக் கதை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஆறாம் வகுப்புக் குழந்தை அவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பலாம். பத்தாம் வகுப்பில் மறுபடி படிக்கும்போது வேறு விதமாகப் புரிந்துகொள்ளலாம். இரண்டு வாசிப்புக்கும் நூல் இடம் தருகிறது.

ஆயிஷாவின் முடிவில் அப்படிப்பட்ட மறைப்பு இல்லை. அடி வலிக்காமலிருக்க வழி தேடி, மரத்துப்போகச் செய்யும் ரசாயனத்தைத் தன் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொள்கிறாள். அவளைக் கொன்றது அவளுடைய அறிவியல் ஆர்வம் என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. வலியை மறக்கும் மருந்தைத் தேடும் நிலைக்கு அவளைத் தள்ளிய வகுப்பறைதான் அங்கே குற்றவாளி. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை இது. ‘குட்டி இளவரச’னை ஆறாம் வகுப்பிலிருந்து யாரும் தானே எடுத்துப் போகும்படி கைக்கெட்டும் தட்டில் வையுங்கள். புரிந்ததா என்று கேட்டுத் தேர்வு வைக்க வேண்டாம். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், போதும். ‘ஆயிஷா’வை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கொடுங்கள். தனியே வீட்டுக்கு அனுப்புவதைவிட நூலகப் பாடவேளையில் சேர்ந்து படித்து, அன்றே பேசிவிடுவது நல்லது. அடி வாங்கிய அனுபவத்தை மாணவர்கள் சொல்ல முன்வந்தால் தடுக்காமல் கேளுங்கள். மாணவர் கைக்குப் போகும் முன்னர் ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் அதை ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

இலக்கிய நயத்தில் எது உயர்ந்தது என்று கேட்டால், பல வயதில் பல பொருள் தரும் ‘குட்டி இளவரச’னையே சொல்வேன். நம் பள்ளிகளுக்கு எது அவசரம் என்று கேட்டால், தயங்காமல் ‘ஆயிஷா’.